வட்டிக்குப் பதில் குலுக்கல்: பரிசுச் சேமிப்பின் வரலாறும் கணக்கும்

சேமிப்புக் கணக்கில் பணம் போட்டவர்களுக்கு வங்கியோ அஞ்சல் துறையோ தர வேண்டிய வட்டியை ஆளுக்கு இவ்வளவு என்று பிரித்துக் கொடுக்காமல், ஒரே தொகையாகத் திரட்டி, குறித்த நாளில் குலுக்கல் நடத்தி, எண் விழுந்தவர்களுக்கு மட்டும் பரிசாக வழங்கும் ஏற்பாட்டைப் பரிசுச் சேமிப்பு எனலாம். போட்ட பணம், அதாவது அசல், எவருக்கும் குறைவதில்லை. வேண்டும்போது அதைத் திரும்ப எடுத்துக்கொள்ளலாம். குலுக்கலில் பணயமாவது வட்டி மட்டுமே. லாட்டரிச் சீட்டு வாங்கியவர் பரிசு விழாத அன்றே கொடுத்த காசை இழந்துவிடுகிறார். பரிசுச் சேமிப்பாளரோ அதே பணத்தை வைத்துக்கொண்டு அடுத்த மாதக் குலுக்கலுக்கும் காத்திருக்கிறார். அதிர்ஷ்டத்தின் மீதான ஆசையைச் சேமிப்புப் பழக்கத்துக்குத் திருப்பிவிடும் உபாயமாக இதைப் பல நாடுகளின் அரசுகளும் வங்கிகளும் முந்நூறு ஆண்டுகளுக்கும் மேலாக வெவ்வேறு வடிவங்களில் முயன்று பார்த்துள்ளன.

பரிசுப் பணம் எங்கிருந்து வருகிறது என்பதை முதலிலேயே தெளிவுபடுத்திக்கொள்வது நல்லது. பரிசு விழாதவர்கள் விட்டுக்கொடுத்த வட்டியிலிருந்துதான் அது வருகிறது. வேறு ஊற்று எதுவும் இல்லை. ஆகவே இத்தகைய திட்டம் எதையும் எடைபோட மூன்று கேள்விகள் போதும். விட்டுக்கொடுக்கப்பட்ட வட்டி முழுவதும் பரிசாகத் திரும்புகிறதா, நடத்துபவர் நடுவில் ஒரு பங்கை எடுத்துக்கொள்கிறாரா? அசல் யார் கையில், எந்த உத்தரவாதத்தோடு இருக்கிறது? யாருக்காக என்று சொல்லித் திட்டம் தொடங்கப்பட்டதோ அவர்கள்தாம் அதனால் பயன்பெறுகிறார்களா? இது சூதாட்டமா சேமிப்பா என்ற விவாதத்தில் நாடாளுமன்றங்களும் நீதிமன்றங்களும் திருச்சபைகளும் செலவிட்ட சொற்கள் ஏராளம். ஆயினும் அந்த விவாதம் சாதாரணச் சேமிப்பாளருக்கு விளக்கியது குறைவு. மேற்சொன்ன மூன்று கேள்விகளைக் கையில் வைத்துக்கொண்டு வரலாற்றைப் பார்த்தால்தான் விஷயம் துலங்குகிறது.

பிரான்ஸுடன் போரிட்டுக் கொண்டிருந்த இங்கிலாந்து அரசு, கடன் திரட்டும் நெருக்கடியில், 1694இல் 'மில்லியன் அட்வென்சர்' என்ற பெயரில் 10 பவுண்டு விலையில் 1 லட்சம் சீட்டுகளை விற்று 10 லட்சம் பவுண்டு கடன் திரட்டியது. தாமஸ் நீல் என்பவர் வகுத்த இத்திட்டத்தில் பரிசு விழாத சீட்டுக்கும் ஆண்டுக்கு 1 பவுண்டு வீதம் 16 ஆண்டுகள் கிடைக்கும். பரிசு விழுந்த சீட்டுக்கு ஆண்டுக்கு 1,000 பவுண்டு வரை கிடைக்கும். பாங்க் ஆஃப் இங்கிலாந்து நிறுவப்பட்டதும் அதே ஆண்டில்தான் என்பதைச் சேர்த்துப் பார்த்தால், குலுக்கலோடு கூடிய சேமிப்பு தொடக்கத்திலிருந்தே சேமிப்பாளரின் நலனைக் காட்டிலும் கடன் வாங்குபவரின் தேவையில் பிறந்த ஒன்று என்பது விளங்கும். பிற்காலத் திட்டங்களிலும் இந்தப் பிறவிக் குணம் மறையவில்லை.

இவற்றுள் நீண்ட ஆயுளும் பெரிய அளவும் கொண்டது பிரிட்டனின் பிரீமியம் பாண்டு. இரண்டாம் உலகப் போருக்குப் பின் கடன் சுமையாலும் பணவீக்கத்தாலும் திணறிக் கொண்டிருந்த அந்நாட்டில், மக்கள் கையில் புழங்கும் பணத்தைச் செலவிலிருந்து சேமிப்புக்கு இழுக்க வேண்டும் என்ற நோக்கத்தோடு, நிதியமைச்சராக இருந்த ஹரால்டு மெக்மில்லன் 1956 ஏப்ரல் 17 அன்று தாக்கல் செய்த வரவு செலவுத் திட்டத்தில் இதை அறிவித்தார். வழக்கமான வட்டிப் பத்திரங்களால் ஈர்க்கப்படாத, கால்பந்துப் பந்தயக் கூப்பன்களில் வாரந்தோறும் காசு போடும் சாதாரண மக்களைச் சேமிப்புக்குள் கொண்டுவருவதே இதன் குறி என்று சொல்லப்பட்டது. எதிர்க்கட்சியான தொழிற்கட்சியின் நிதித் துறைப் பேச்சாளராக இருந்த ஹரால்டு வில்சன், பின்னாளில் இதே நாட்டின் பிரதமரானவர், இதை இழிந்த குலுக்கல் என்று சாடினார். திருச்சபைத் தலைவர்களும் எதிர்த்தனர். தெருவோரப் பந்தயக் கடைகள்கூடச் சட்டப்படி அனுமதிக்கப்படாத காலம் அது. அவை 1961இல்தான் திறக்கப்பட்டன. தனியார் பந்தயத்தைத் தடுத்து வைத்திருக்கும் அரசு தானே குலுக்கல் நடத்துவதா என்ற ஆட்சேபத்தில் நியாயம் இல்லாமல் இல்லை. அசல் பத்திரமாக இருப்பதால் இது சூதாட்டம் ஆகாது என்ற அரசின் வாதமே இறுதியில் நின்றது.

1956 நவம்பர் 1 அன்று அஞ்சல் அலுவலகங்களில் விற்பனை தொடங்கியது. ஒரு பாண்டின் விலை 1 பவுண்டு. ஒருவர் 500 பவுண்டுக்கு மேல் வைத்திருக்கக் கூடாது. திரண்ட தொகைக்கு ஆண்டுக்கு 4 விழுக்காடு என்று கணக்கிட்டு வரும் வட்டி பரிசு நிதியாகும். அதிகபட்சப் பரிசு 1,000 பவுண்டு. 500 பவுண்டு என்ற உச்சவரம்பு கவனத்துக்குரியது. சிறு சேமிப்பாளருக்கான திட்டம் என்ற பேச்சுக்கு அன்று பொருள் தந்தது அந்த வரம்புதான். அதன் பின்கதை கீழே வருகிறது.

குலுக்கலை நம்பகமாக நடத்துவது அக்காலத்தில் எளிய காரியம் அன்று. கோடிக்கணக்கான எண்களைப் பெட்டியில் போட்டுக் குலுக்க முடியாது என்பதால், லண்டன் டாலிஸ் ஹில்லில் இருந்த அஞ்சல் துறை ஆய்வு நிலையத்திடம் பொறுப்பு ஒப்படைக்கப்பட்டது. அங்குப் பணியாற்றிய டாமி ஃபிளவர்ஸ், ஹாரி ஃபென்சம் உள்ளிட்ட பொறியாளர்கள் 'எர்னி' என்ற இயந்திரத்தை உருவாக்கினர். எலக்ட்ரானிக் ரேண்டம் நம்பர் இண்டிகேட்டர் எக்விப்மென்ட் என்ற நீண்ட பெயரின் முதலெழுத்துகளே எர்னி. நியான் வாயு நிரப்பிய குழாய்களில் மின்சாரம் பாயும்போது எழும் ஒழுங்கற்ற மின் சலசலப்பை அளந்து, யாராலும் முன்கூட்டிச் சொல்ல முடியாத எண்களாக அது மாற்றியது. போர்க்காலத்தில் ஜெர்மானியரின் மறைகுறிச் செய்திகளை உடைத்த கொலோசஸ் என்ற கணிப்பொறியை வடிவமைத்தவரும் இதே ஃபிளவர்ஸ்தான். அது அரசு ரகசியமாக இருந்ததால், தங்கள் பரிசு எண்ணைப் பொறுக்கிய கைகள் அதற்கு முன் என்ன செய்தன என்பது பாண்டு வாங்கியவர்களுக்குப் பல ஆண்டுகள் தெரியாது. முதல் குலுக்கல் 1957 ஜூன் 1 அன்று லங்காஷயரின் லிதம் செயின்ட் ஆன்ஸ் நகரில் நடந்தது. முதல் எர்னிக்கு ஒரு குலுக்கலை முடிக்கப் பல நாட்கள் பிடித்தன. 2019இல் வந்த ஐந்தாம் எர்னி, ஒளியின் குவாண்டம் இயல்பைப் பயன்படுத்தி அதே வேலையைச் சில நிமிடங்களில் முடிக்கிறது. ஒவ்வொரு குலுக்கலின் எண்களும் உண்மையிலேயே சமவாய்ப்பில் விழுந்தவைதாமா என்பதை அரசின் தனித் துறையான காப்பீட்டுக் கணிப்பாளர் துறை சோதித்துச் சான்றளிக்கிறது. நடத்துபவர் ஒருவர், சரிபார்ப்பவர் வேறொருவர் என்ற இந்தப் பிரிவினை சாதாரணமாகத் தோன்றினாலும், இத்திட்டம் எழுபது ஆண்டுகளை நெருங்கி நிற்பதற்கு இதுவும் ஒரு காரணம்.

இனிக் கணக்கு. பிரீமியம் பாண்டில் இரண்டு எண்கள் அறிவிக்கப்படுகின்றன. ஒன்று பரிசு நிதி விகிதம், அதாவது திரண்ட மொத்தத் தொகையில் ஆண்டுக்கு எத்தனை விழுக்காடு பரிசாகத் திரும்புகிறது என்பது. 2025ஆம் ஆண்டின் தொடக்கத்தில் அது 4 விழுக்காடாக இருந்தது. மற்றது வாய்ப்பு விகிதம், அதாவது ஒரு பவுண்டு பாண்டுக்கு ஒரு மாதத்தில் ஏதேனும் ஒரு பரிசு விழும் வாய்ப்பு. அதே காலத்தில் அது 22,000க்கு ஒன்று. இந்த இரண்டையும் பெருக்கி வகுத்துப் பார்த்தால் ஒரு பரிசின் சராசரி மதிப்பு சுமார் 73 பவுண்டு என்று வருகிறது. ஆனால் விழும் பரிசுகளில் மிகப் பெரும்பாலானவை 25, 50, 100 பவுண்டுப் பரிசுகளே.

25 பவுண்டு என்ற குறைந்தபட்சத் தொகையை மட்டும் போட்டு வைத்திருப்பவர் இந்த விகிதத்தில் சராசரியாக 73 ஆண்டுகளுக்கு ஒரு முறை பரிசு பெறுவார். ஒரு ஆயுளில் ஒரு முறை, அதுவும் 25 பவுண்டாக இருக்கவே வாய்ப்பு அதிகம். 100 பவுண்டு வைத்திருப்பவர்களில் நூற்றுக்கு சுமார் 95 பேருக்கு ஓராண்டில் ஒன்றுமே விழாது. 1,000 பவுண்டு வைத்திருப்பவர்களிலும் நூற்றுக்கு 58 பேர் ஆண்டு முழுவதும் வெறுங்கையோடு இருப்பார்கள். அதே தொகை 4 விழுக்காடு வட்டி தரும் சாதாரணக் கணக்கில் இருந்திருந்தால் அவர்கள் ஒவ்வொருவருக்கும் 40 பவுண்டு நிச்சயமாக வந்திருக்கும். 50,000 பவுண்டு வைத்திருப்பவருக்கோ ஆண்டுக்கு ஏறத்தாழ 27 பரிசுகள் விழுகின்றன. குலுக்கல் அவருக்கு ஏறக்குறைய மாத வட்டிபோல் வந்து சேர்கிறது. விளம்பரத்தில் எல்லாருக்கும் பொதுவாகச் சொல்லப்படும் 4 விழுக்காடு ஒரு கூட்டுச் சராசரி. வரிசையில் நடுவில் நிற்கும் சிறு சேமிப்பாளருக்குக் கிடைப்பது அதைவிட மிகக் குறைவு, பெரும்பாலும் சுழியம்.

பத்து லட்சம் பவுண்டுப் பரிசின் கணக்கு இன்னும் கறாரானது. மாதம் இரண்டு பேருக்கு அது வழங்கப்படுகிறது. திரண்டு கிடக்கும் பாண்டுகளின் மதிப்பு 12,000 கோடி பவுண்டுக்கும் மேல் என்பதால், 1,000 பவுண்டு வைத்திருப்பவருக்கு ஒரு மாதத்தில் அந்தப் பரிசு விழும் வாய்ப்பு 6 கோடியில் ஒன்றுக்கும் குறைவு. பிரிட்டனின் தேசிய லாட்டரியில் 59 எண்களிலிருந்து 6 எண்களைச் சரியாகச் சொல்லி முதற்பரிசு பெறும் வாய்ப்பே ஒரு சீட்டுக்கு சுமார் 4.5 கோடியில் ஒன்று. ஆயிரம் பவுண்டைப் பாண்டில் போட்டுவிட்டுக் கோடீசுவரக் கனவு காண்பவர், அந்தக் கனவை மட்டும் பொறுத்தவரை, ஒரேயொரு லாட்டரிச் சீட்டு வாங்கியவரைவிடச் சற்றுப் பின்தங்கியே இருக்கிறார். அவருக்குள்ள ஆறுதல் ஆயிரமும் அப்படியே இருப்பதுதான். அது சிறிய ஆறுதல் அன்று. விதிவிலக்குகள் நிகழாமலும் இல்லை. 1959இல் வாங்கிய பாண்டு ஒன்றின் மூலம், மொத்தமே 17 பவுண்டு வைத்திருந்த லண்டன் நியூஹாம் பகுதிப் பெண் ஒருவர் 2004 ஜூலையில் 10 லட்சம் பவுண்டு வென்றார். இத்தகைய ஒரு செய்தி எத்தனை ஆண்டு விளம்பரத்துக்கு ஈடு என்பதைத் திட்டத்தை நடத்துபவர்கள் நன்றாகவே அறிவார்கள்.

பாண்டுகளை இப்போது நடத்தும் நேஷனல் சேவிங்ஸ் அண்ட் இன்வெஸ்ட்மென்ட்ஸ் என்ற அரசு அமைப்பு, பெரிய பரிசு பெற்றவர்களின் பெயரை வெளியிடாமல், அவர்களுடைய பகுதியையும் அவர்கள் வைத்திருக்கும் தொகையையும் மாதந்தோறும் பட்டியலிடுகிறது. அந்தப் பட்டியலில் 50,000 என்ற எண் வரிக்கு வரி தென்படுவதைக் காணலாம். 500 பவுண்டில் தொடங்கிய உச்சவரம்பு படிப்படியாக உயர்ந்து 2003இல் 30,000, 2014இல் 40,000, 2015இல் 50,000 என்று ஆனதன் விளைவு இது. பரிசுகளுக்கு வருமான வரி இல்லை என்ற சலுகையும் பணம் படைத்தவர் பக்கமே சாய்கிறது. அடிப்படை விகிதத்தில் வரி செலுத்தும் பிரிட்டன்வாசிக்கு 2016 ஏப்ரல் முதல் ஆண்டுக்கு 1,000 பவுண்டு வரையிலான சேமிப்பு வட்டிக்கு எப்படியும் வரி கிடையாது. 25,000 பவுண்டுவரை சேர்த்தவருக்குக்கூட 4 விழுக்காட்டில் வட்டி அந்த எல்லையைத் தாண்டாது. ஆகவே சிறு சேமிப்பாளருக்கு வரிவிலக்கால் பயன் ஏதும் இல்லை. 45 விழுக்காடு வரி கட்டும் செல்வந்தருக்கு வட்டியில் விலக்கே கிடையாது என்பதால், வரியில்லாத 4 விழுக்காடு என்பது வரிக்குட்பட்ட 7 விழுக்காட்டுக்கும் மேலான வட்டிக்குச் சமம். கூப்பனில் காசு போடும் தொழிலாளியை மனத்தில் வைத்துத் தொடங்கப்பட்ட திட்டம், அவர் விட்டுக்கொடுக்கும் வட்டியைச் சேர்த்து வரிச்சுமையுள்ள செல்வந்தருக்கு நல்ல முதலீடாக முடிந்திருக்கிறது. வில்சன் சாடியது இதையன்று. அவர் கண்டது ஒழுக்கக் கேட்டை. உண்மையான குறை பங்கீட்டில் இருந்தது.

அப்படியானால் பரிசுச் சேமிப்பு ஏழைக்கு உதவவே உதவாதா? இதற்குத் தக்க பதில் தென்னாப்பிரிக்காவிலிருந்து கிடைக்கிறது. அந்நாட்டின் ஃபர்ஸ்ட் நேஷனல் வங்கி 2005 ஜனவரியில் 'மில்லியன் எ மன்த் அக்கவுண்ட்' என்ற கணக்கைத் தொடங்கியது. முதலெழுத்துகளைச் சேர்த்து மக்கள் அதை 'மாமா' என்றே அழைத்தனர். பணம் எடுக்க 32 நாள் முன்னறிவிப்புத் தர வேண்டிய இக்கணக்கில் வட்டி பெயரளவுக்குத்தான். கணக்கில் உள்ள ஒவ்வொரு 100 ராண்டுக்கும் மாதக் குலுக்கலில் ஓர் இடம் கிடைக்கும். முதற்பரிசு 10 லட்சம் ராண்டு. ஷான் கோல், பெஞ்சமின் ஐவர்சன், பீட்டர் டுஃபானோ என்ற மூன்று பொருளியலாளர்கள் அந்த வங்கியின் பரிவர்த்தனைப் பதிவுகளைக் கொண்டு செய்த ஆய்வு, இத்துறையில் கிடைக்கும் சான்றுகளுள் மிக வலுவானது. எல்லா வயதினரும் எல்லா இனத்தவரும் எல்லா வருவாய்ப் பிரிவினரும் இக்கணக்கை நாடினர் என்றும், பணத்தட்டுப்பாட்டில் இருந்தவர்களும் வேறு சேமிப்புக் கணக்கு இல்லாதவர்களும் குறிப்பாக அதிகம் சேர்ந்தனர் என்றும் அது கண்டது. சேர்ந்தவர்களின் மொத்தச் சேமிப்பு சராசரியாக ஆண்டு வருவாயில் 1 விழுக்காடு கூடியது. அதற்கு முன்பிருந்த சேமிப்பு நிலையோடு ஒப்பிட்டால் இது 38 விழுக்காடு உயர்வு. அதே வங்கியில் வேறு கணக்கிலிருந்த பணத்தை இக்கணக்கு விழுங்கவில்லை. லாட்டரிக்குப் போக வேண்டிய ஆசையையே அது ஈர்த்தது.

அந்த ஆய்வு காட்டும் இன்னொரு செய்தி சுவையானது. பெரிய பரிசு ஒரு கிளையின் வாடிக்கையாளருக்கு விழுந்தால், அந்தக் கிளையில் இக்கணக்குக்கான நாட்டம் 11.6 விழுக்காடு கூடியது. வட்டி விகிதத்தைக் கால் விழுக்காடு உயர்த்தினால் அக்கம்பக்கத்தில் எவரும் அதைப் பேசுவதில்லை. அடுத்த தெருக்காரருக்கு விழுந்த பரிசை எல்லாரும் பேசுகிறார்கள். குலுக்கல் பணத்தோடு பேச்சையும் பங்கிடுகிறது. வங்கிக்கு விளம்பரச் செலவு குறைகிறது என்பதும், வட்டியில் எவ்வளவைப் பரிசாகத் திருப்புவது என்பது அதன் விருப்பத்தைப் பொறுத்தது என்பதும் இதன் மறுபக்கம். தென்னாப்பிரிக்கத் தேசிய லாட்டரி வாரியம் தொடுத்த வழக்கில், இக்கணக்கு 1997ஆம் ஆண்டு லாட்டரிச் சட்டத்துக்கு முரணான ஒரு லாட்டரியே என்று அந்நாட்டின் உச்ச மேல்முறையீட்டு நீதிமன்றம் 2008 மார்ச்சில் தீர்ப்பளித்ததும் கணக்கு மூடப்பட்டது. கொடுத்த காசைத் திருப்பித் தராத லாட்டரி தொடர, திருப்பித் தந்த கணக்கு நின்றது. சட்டத்தின் எழுத்துப்படி தீர்ப்பு சரியாக இருக்கலாம். விளைவைப் பார்த்தால் மக்களுக்கு நட்டம்.

அமெரிக்காவிலும் தடையாக நின்றது லாட்டரிச் சட்டம்தான், ஏனெனில் அங்கே குலுக்கல் நடத்தும் உரிமையை மாநில அரசுகள் தமக்கென வைத்திருந்தன. மிச்சிகன் மாநிலச் சட்டத்தில் இருந்த வழியைப் பயன்படுத்தி, உறுப்பினர்களே உரிமையாளர்களான கிரெடிட் யூனியன் என்ற கூட்டுறவுச் சேமிப்பு நிறுவனங்கள் எட்டு, 2009இல் 'சேவ் டு வின்' திட்டத்தைத் தொடங்கின. இதன் அமைப்பில் பிரிட்டன் தவறவிட்ட ஒரு நுட்பம் உண்டு. 25 டாலர் சேமிப்புக்கு ஒரு குலுக்கல் இடம். ஆனால் ஒருவர் ஒரு மாதத்தில் பத்து இடங்களுக்கு மேல் பெற முடியாது. பெருந்தொகை போட்டவர் குலுக்கலைக் கைப்பற்ற வழியில்லை. மாதந்தோறும் சிறிது சிறிதாகப் போடுபவருக்கே ஆதாயம். ஆண்டுப் பெரும்பரிசு 1 லட்சம் டாலர். இந்த அனுபவத்தையொட்டிக் கூட்டாட்சி அரசின் தடையை நீக்கும் சட்டம் 2014 டிசம்பரில் நிறைவேறியது. தொடர் சேமிப்பை வளர்ப்பதுதான் நோக்கம் என்றால் இருக்கும் தொகையை எண்ணாமல் புதிதாகப் போடும் தொகையை எண்ண வேண்டும் என்பதும், ஆளுக்கொரு வரம்பு வேண்டும் என்பதும் மிச்சிகன் தரும் பாடங்கள்.

வேறு நாடுகளின் அனுபவத்தில் எச்சரிக்கைகள் கூடுதல். நியூசிலாந்தில் 1970இல் அரசு தொடங்கிப் பின்னர் ஒரு வங்கியின் கைக்குப் போன 'போனஸ் பாண்டு' திட்டம் 2020இல் மூடப்பட்டது. வட்டி விகிதம் வீழ்ந்ததால் பரிசுக்குத் தேவையான பணம் திரளவில்லை. பரிசு என்பது வேறு பெயரில் வரும் வட்டிதான் என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று தேவையில்லை. பாகிஸ்தானில் 1960 முதல் இருந்துவரும் பரிசுப் பத்திரங்கள், வைத்திருப்பவரின் பெயர் பதியப்படாத, கைமாற்றத்தக்க பத்திரங்களாக இருந்ததால், கணக்கில் வராத பணத்தின் புகலிடமாயின. பரிசு விழுந்த பத்திரத்தைக் கூடுதல் விலைக்கு வாங்கி, கறுப்புப் பணத்தைப் பரிசாகக் கணக்குக் காட்டும் வழக்கமும் உருவானது. அதனால் 2019இல் தொடங்கி 40,000 ரூபாய்ப் பத்திரமும், தொடர்ந்து வேறு பெரிய மதிப்புப் பத்திரங்களும் திரும்பப் பெறப்பட்டன. வட்டியை மார்க்கம் விலக்குவதால் ஈரானிய வங்கிகள் 'கர்ஸ் அல்ஹசனா' என்ற வட்டியில்லாக் கணக்குகளுக்குக் குலுக்கல் பரிசு வழங்குவது தனியாக ஆராய வேண்டிய பொருள்.

இந்தியாவில் இக்கதை வேறு பாதையில் சென்றது. மத்திய அரசு 1960இல் 5 ரூபாய், 100 ரூபாய் மதிப்புகளில் ஐந்தாண்டு வட்டியில்லாப் பரிசுப் பத்திரங்களை வெளியிட்டது; அது நிலைக்கவில்லை. அந்த இடத்தைத் தனியார் நிறுவனங்கள் பிடித்தன. அவை நடத்திய பரிசுச் சீட்டின் அமைப்பு இது: உறுப்பினர்கள் மாதந்தோறும் ஒரே தவணையைக் கட்டுவார்கள்; மாதம் ஒரு குலுக்கல்; பெயர் விழுந்தவருக்குப் பரிசோ முழுத் தொகையோ கிடைப்பதோடு அவர் மேற்கொண்டு தவணை கட்ட வேண்டியதில்லை; கடைசிவரை பெயர் விழாதவர்களுக்குக் கட்டிய பணம் வட்டியில்லாமல் திரும்ப வரும். தமிழ்நாட்டார் நன்கறிந்த ஏலச் சீட்டிலிருந்து இது அடிப்படையில் வேறுபட்டது. ஏலச் சீட்டில் அவசரக்காரர் தள்ளிக் கொடுக்கும் தொகை கழிவாக மற்ற உறுப்பினர்களுக்கே பிரிகிறது. சீட்டு நடத்துபவருக்கு வரையறுத்த தரகு மட்டும். பரிசுச் சீட்டிலோ எல்லாருடைய பணத்தின் வட்டியும் நடத்துபவரின் கைக்குப் போய், அதில் ஒரு சிறு பகுதி மட்டுமே பரிசாகத் திரும்பியது. இத்தகைய நிறுவனங்களைப் பரிசீலித்த ரிசர்வ் வங்கியின் ஜேம்ஸ் ராஜ் குழு, இவற்றால் நடத்துபவருக்கே ஆதாயம் என்று கண்டு தடை விதிக்கப் பரிந்துரைத்தது. அதன் விளைவாக 1978ஆம் ஆண்டின் பரிசுச் சீட்டுகள் மற்றும் பணச் சுழற்சித் திட்டங்கள் தடைச் சட்டம் வந்தது. அச்சட்டத்தை எதிர்த்து வந்த வழக்கில் நீதிபதி வி.ஆர். கிருஷ்ண ஐயர் 1980இல் எழுதிய உச்ச நீதிமன்றத் தீர்ப்பு தடையை உறுதி செய்தது.

கட்டுரையின் தொடக்கத்தில் எழுப்பிய முதல் இரண்டு கேள்விகளுக்கும் பரிசுச் சீட்டு நிறுவனங்களிடம் பதில் இல்லை. வட்டியும் திரும்பவில்லை, அசலுக்கும் உத்தரவாதம் இல்லை. தடை சரியானதே. ஆனால் அந்தத் தடையின் நிழல் வங்கிகள் மீதும் நீண்டது. வைப்புத் தொகை திரட்டுவதற்காகப் பரிசு, லாட்டரி, இலவசப் பயணம் என வாய்ப்பை நம்பிய எந்த ஊக்கத்தையும் வங்கிகள் அறிவிக்கக் கூடாது என்று ரிசர்வ் வங்கியின் விதி கூறுகிறது. இதற்கிடையே, அசலையே விழுங்கும் லாட்டரியை நடத்திக்கொள்ள 1998ஆம் ஆண்டுச் சட்டம் மாநிலங்களை அனுமதிக்கிறது. 1967இல் தொடங்கிய கேரள அரசின் லாட்டரி இன்றும் நடக்கிறது. 1968இல் தமிழ்நாட்டில் அண்ணாவின் ஆட்சிக்காலத்தில் தொடங்கிய அரசு லாட்டரி, பல குடும்பங்களின் கூலிப் பணத்தைக் கரைத்த பின், 2003இல் தடை செய்யப்பட்டது. தென்னாப்பிரிக்காவில் நீதிமன்றத் தீர்ப்பு உண்டாக்கிய அதே முரண் இங்கே விதிகளிலேயே எழுதி வைக்கப்பட்டிருக்கிறது.

இதை மாற்ற நினைத்தால் அதற்கு ஏற்ற இடம் தனியார் வங்கி அன்று; அசலுக்கு அரசு உத்தரவாதமும் கிராமம்வரை கிளையும் உள்ள அஞ்சல் அலுவலகத் தொடர் வைப்பே. ஆளுக்கு மாதம் சில நூறு ரூபாய் என்ற வரம்போடு, புதிதாகக் கட்டும் தவணைக்கு மட்டும் குலுக்கல் இடம் தந்து, வட்டியின் பெரும்பகுதியை எல்லாருக்கும் வழக்கம்போல் வழங்கி, எஞ்சிய சிறு பகுதியை மட்டும் பரிசாக்கி, நூற்றுக்கு எத்தனை பேருக்கு ஒன்றும் விழாது என்பதைப் பாஸ்புத்தகத்தின் முதல் பக்கத்திலேயே அச்சிட்டால், பிரிட்டனில் நேர்ந்த சாய்வும் பரிசுச் சீட்டில் நேர்ந்த மோசடியும் இங்கு நேர வழியில்லை. அதுவரை இந்தியச் சேமிப்பாளருக்கு எந்த வங்கியும் குலுக்கலில் ஒரு ரூபாய்கூடத் தர முடியாது. வைப்புத் தொகை பெறும்போது விரும்பினால் தரலாம் என்று விதி அனுமதிக்கும் அன்பளிப்பின் உச்ச மதிப்பு 250 ரூபாய்.